பதினொரு குழாய்களும் ஒரு பலகையும்

திங்கட்கிழமை காலை குழாய்க்காரர் கப்பலின் மேல்தளத்து நடைவழிக்கு வந்து பார்த்தபோது, சுவரில் அவருடைய குழாய்கள் இல்லை. சனிக்கிழமை மாலை வரை பதினொரு குழாய்கள் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், பால் ஏட்டு நிறத்தில் மெத்தென்று தோல் போர்த்திய பலகை ஒன்று, பிறந்தது முதல் அங்கேயே இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"யாரு இதை மூடினது?"

"நான்தான்," என்றார் தச்சர். மண்டியிட்டு அடுத்த பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குல்ல?"

"அடுத்த வாரம்னு சொன்னியே."

"அடுத்த வாரம் வந்துடுச்சு அண்ணே. இன்னிக்குத் திங்கள்."

"திறக்கலாம்ல?"

"இது கல்யாணம் மாதிரி. மாட்டினா மாட்டினதுதான். பின்னாடி பன்னெண்டு கிளிப் இருக்கு. கழட்டணும்னா கையுறை கையெழுத்துப் போடணும்."

கையுறை என்பது ஒரு மனிதர். கப்பலின் சொந்தக்காரர் சார்பில் சோதனைக்கு வந்தவர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சை அடித்து, நாள் முழுக்கக் குறை தேடுவதுதான் அவர் வேலை. கண்ட இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவிட்டுப் போவார். அவர் நடந்துபோன சுவர் அம்மை கண்டதுபோல் இருக்கும்.

கப்பல் எழுபது மீட்டர் நீளம். சொந்தக்காரர் அதைப் 'படகு' என்றுதான் சொல்வாராம். வசதி ஏற ஏறப் பெரியதைச் சின்னதாகச் சொல்கிற பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. அந்தப் படகுக்குள் குழாய்க்காரர் மூன்று வருஷமாகக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் குளியலறையில் குழாய்த் திருகைத் திறந்தால் மூன்று எண்ணுவதற்குள் வெந்நீர் வரவேண்டும். அது வருகிற சத்தம் பக்கத்து அறையில் தூங்குகிறவருக்குக் கேட்கவே கூடாது. அதனால் ஒவ்வொரு குழாயும் ரப்பர் மெத்தையில்தான் படுத்திருக்கும். இரும்பில் இரும்பு படாது. முடுக்குத் திருப்பம் கிடையாது, நீண்ட வளைவுதான், ஏனென்றால் மூலையில் திரும்பச் சொன்னால் தண்ணீர் முணுமுணுக்கும். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கழிவுநீர் தன் வழியில் போய்ச் சேரும்படி சரிவு வைக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் பலகை வந்து மூடிவிடும். மூன்று வருஷத்தில் ஐந்து கிலோமீட்டர் குழாய் போட்டிருந்தார். அதில் ஒரு சாண்கூட வெளியே தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு சிவப்புப் புள்ளி.

இந்த நடைவழிச் சுவரில் இருந்தது மட்டும் வேறு மாதிரி. கப்பலின் விலா எலும்பு மாதிரி ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே வரும். இரண்டடி அகலத்துக்குள் பதினொரு குழாய்களும் அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஐந்து வாரம் பிடித்தது. காற்றுக்குழாய் போடுகிறவர்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்ததால் மூன்று முறை வெட்டி எறிந்து மறுபடி செய்தார். கடைசியில் பதினொன்றும் ஒரே வளைவில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடி மாதிரி திரும்பின. பார்த்தவர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

அதை வரும் சனிக்கிழமை தன் மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கப்பல் யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது, என்ன நிறம், எதையும் வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. அதனால் மூன்று வருஷமாக வீட்டில் நடந்த பேச்சு இதுதான்.

"இன்னிக்கு என்ன வேலை?"

"பைப்."

"எங்க?"

"உள்ள."

முதலில் சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமல் இருந்தார். போகப்போகச் சொல்லாமல் இருப்பதே வசதியாகிவிட்டது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். அவர் அவளைக் கேட்பதை அதற்கும் முன்னாலேயே விட்டிருந்தார். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். ஆஸ்பத்திரிக்குத் திரையும் படுக்கை விரிப்பும் தைக்கிற இடம் என்று எப்போதோ சொன்னதாக அவருக்கு ஞாபகம். அவர் ஆறு மணிக்குக் கிளம்பினால் அவள் எட்டு மணிக்குக் கிளம்புவாள். மாலையில் இரண்டு பேரும் அலுத்துக் களைத்து ஒரே சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் பஸ் ஏறப்போய் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கப்பல் கட்டுகிற யார்டில் எல்லோருடைய போனையும் வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவர் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"என்ன இது கையில?"

"கட்டு."

"போன் பண்ணக் கூடாதா?"

"பதினேழு தடவை பண்ணேன்."

அன்றைக்குத்தான் அவர் பதினோராவது குழாயை வளைத்துக்கொண்டிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? 'உன் கை உடைஞ்சப்போ நான் ஒரு குழாயை உடையாம வளைச்சுக்கிட்டு இருந்தேன்' என்றா? அந்த நாள் மாவுக்கட்டோடு போகவில்லை. உள்ளேயே கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முறை அந்த வளைவை அவள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு, வீட்டு ஆள் ஒருவரை அழைத்துவந்து ஒரு மணி நேரம் கப்பலைக் காட்டலாம். அதை அவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னபோது மனைவியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எந்தக் கப்பல்?"

"நான் வேலை செய்யற கப்பல்."

"நான் வந்து பாக்கணுமா?"

"நீ அந்த மாதிரி ஒண்ணைப் பாத்தே இருக்க மாட்டே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "லீவு கேட்டுப் பாக்கறேன்," என்று மட்டும் சொன்னாள். வருவதற்கு இஷ்டமில்லை என்று அவருக்குப் புரிந்தது. அவளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது பார்த்தால் பலகை மூடிவிட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம். தச்சர் கீழே இறங்கிப் போனதும் குழாய்க்காரர், பட்டி பூசுகிற தகடு ஒன்றை எடுத்துப் பலகையின் ஓரத்தில் செருகினார். ஒரு கிளிப்பை மட்டும் தளர்த்தி வைத்தால், சனிக்கிழமை இழுத்துத் திறந்துவிடலாம் என்பது திட்டம். கிளிப் அசையவில்லை. தகடு அசைந்தது. பால் ஏட்டு நிறத் தோலில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. முதலுதவிப் பெட்டியில் கைக்குத் தடவுகிற கிரீம் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக் கீறலில் தேய்த்தார். கீறல் மறைந்தது. மறைந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை பரவியது. கறையைத் துடைத்தார். கறை இரண்டு உள்ளங்கை ஆயிற்று.

மூன்று மணிக்குக் கையுறை வந்தார். டார்ச்சை அடித்தார். அப்புறம் மூக்கைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்ன வாசனை இது?"

"சுவர் வாசனை சார்," என்றார் குழாய்க்காரர்.

"சுவருல ரோஜாப்பூ வாசனை வருமா?"

சிவப்புப் புள்ளி விழுந்தது. பலகையைக் கழற்றித் தையல் கூடத்துக்கு அனுப்பினார்கள். தையல் கூடம் யார்டின் பின்பக்கம் தனி வாசலோடு இருந்தது. தோலும் துணியும் தைக்கிறவர்கள் வேறு ஒப்பந்தக்காரரின் ஆட்கள். குழாய் ஆட்களுக்கு அங்கே வேலை இல்லை. போய்வந்த தச்சர் ஒரு செய்தியோடு வந்தார்.

"அண்ணே, அங்க தைக்கிற அக்கா கேட்டாங்க. கீறினவனைக் கூட மன்னிச்சுடலாமாம். அதுமேல கிரீம் தடவின புத்திசாலி யாருன்னு தெரியணுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு உங்க முகத்தைப் பாத்துதான் தெரியும். அவங்களுக்கு உங்க முகமே தெரியாது."

ஆனாலும் குழாய்க்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பலகை போய்விட்டது, குழாய்கள் பளபளவென்று வெளியே தெரிந்தன. அதைத் தைத்து முடிக்க ஒரு வாரமாவது ஆகும் என்று நினைத்தார். கெட்டதிலும் ஒரு நல்லது.

புதன்கிழமை காலை பலகை திரும்பி வந்துவிட்டது.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் குழாய்க்காரர். துக்கச் செய்தி கேட்டவர் குரல்.

"கெட்டிக்கார அக்கா அது. வாயே திறக்க மாட்டாங்க, கை மட்டும் ஓடும். இதைப் பாருங்க, ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல். ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல. எண்ணிப் பாருங்க."

குழாய்க்காரர் எண்ணிப் பார்க்கிற மனநிலையில் இல்லை. பலகையைத் தள்ளிப்போட வழி தேடினார். கையுறையிடம் போய், "சார், பலகை பைப்பு மேல உரசுது. சத்தம் வரும்," என்றார். சத்தம் என்ற சொல்லைக் கேட்டால் கையுறைக்குத் தூக்கம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"அப்படியா? மாட்டுங்க, பாக்கலாம்."

பொய்யைச் சொல்லியாகிவிட்டது, இனி அதை உண்மையாக்க வேண்டும். கையுறை திரும்பி வருவதற்குள் நான்கு குழாய்களின் பிடிகளுக்கு அடியில் ரப்பர் துண்டுகளைச் செருகி, குழாய்களைக் கட்டைவிரல் கனத்துக்கு முன்னால் தூக்கி வைத்தார். தச்சர் பலகையை வைத்து அழுத்தினார். பலகை நிறைமாத வயிறு மாதிரி முன்னால் தள்ளியது. இன்னும் அழுத்தினார். நடுத்தையல் டப்பென்று விட்டுப்போயிற்று.

கையுறை பார்த்தார். டார்ச் அடித்தார். யோசித்தார்.

"நீங்க சொன்னது சரிதான். பலகை மேல தப்பில்ல. ரெண்டு பைப்பை வெட்டி உள்ள தள்ளிடுங்க."

"எந்த ரெண்டை சார்?"

"எது வசதியோ அதை."

பெற்ற பிள்ளைகளில் எந்த இரண்டைத் தருகிறாய் என்று கேட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போனபோது மனைவி கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஊசி குத்திடுச்சு."

"பாத்து செய்யக் கூடாதா?"

"பாத்துதான் செய்யறேன். சில பேரு செஞ்சதையே கெடுத்துக்கிட்டு இருந்தா என்ன பண்றது?"

"எல்லா இடத்துலயும் அப்படி ஒரு ஆளு இருப்பான்," என்றார் குழாய்க்காரர். அவர் மனம் முழுக்க வெட்டப்போகிற இரண்டு குழாய்களிடமே இருந்தது.

வியாழக்கிழமை முதல் வேலையாக ரப்பர் துண்டுகளை உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கையுறையைத் தேடிப்போய், "சார், இப்ப சரியாயிடுச்சு. வெட்ட வேணாம்," என்றார்.

"எப்படிச் சரியாச்சு?"

"நேத்து பைப்பு சூட்டுல விரிஞ்சிருந்திருக்கு. இப்ப சுருங்கிடுச்சு."

"இன்னும் வெந்நீரே விடலையே. எங்கேருந்து சூடு?"

"வெயில் சார்."

கையுறை ஜன்னல் இல்லாத நடைவழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு குழாய்க்காரரை அதே மாதிரி உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். அப்புறம் குழாய்களை அளந்து பார்த்தார், பலகைக்கு இடம் சரியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சொல்லாமல் போனதுதான் பயமாக இருந்தது.

மாலையில் தச்சர் தைத்த பலகையோடு அடுத்த செய்தியையும் கொண்டுவந்தார். "அளவு தெரியாதவன்லாம் கப்பல் கட்ட வந்தா கடல் என்ன ஆகும்னு கேட்டாங்க. வீட்டுல பொண்டாட்டி இல்லாத ஆளாத்தான் இருப்பான்னாங்க. இருந்தா அடுத்தவ உழைப்போட அருமை தெரியுமாம்."

"வாயே திறக்க மாட்டாங்கன்னு சொன்னியே."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. நீங்க திறக்க வச்சுட்டீங்க."

வெள்ளிக்கிழமை காலை குழாய்க்காரர் தச்சரை உட்கார வைத்து, டீயைக் கையில் கொடுத்து, மணிக்கட்டு உடைந்த நாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். தச்சர் டீ ஆறிப்போகும்வரை கேட்டார்.

"இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தா, திரும்பி வந்த பலகையை நான் மாட்டப் போயிருக்கவே மாட்டேனே அண்ணே. கடைசியா வச்சுக்கிட்டிருப்பேன்."

"தோணல."

"ரெண்டு வருஷமா அண்ணிகிட்ட சொல்லணும்னும் தோணலையா?"

தச்சர் எழுந்து கருவிப்பெட்டியைத் திறந்தார். இன்னும் மாட்டாமல் சாய்த்து வைத்திருந்த பலகையிலிருந்து பன்னிரண்டு கிளிப்பையும் கழற்றினார். பலகையின் நான்கு மூலையிலும் நான்கு காந்தங்களை வைத்தார். "நாளைக்குக் காட்டிட்டு, திங்கட்கிழமை கிளிப் போட்டுடலாம். மெதுவா இழுத்தா வரும், வச்சா ஒட்டிக்கும்."

இழுத்தார்கள், வந்தது. வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. மூன்று முறை செய்து பார்த்தார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் குழாய்க்காரர் சிரித்தது அதுதான் முதல் முறை.

நடைவழியின் கோடியில் நெருப்பைத் தடுக்கிற கனத்த கதவு ஒன்று உண்டு. யாரோ அதைப் படாரென்று சாத்தினார்கள். பலகை ஒரு விரல் இறங்கியது. இன்னொரு விரல் இறங்கியது. அப்புறம் மெதுவாகத் தலைகுப்புற விழுந்தது. கீழே குழாய்க்காரரின் கருவிப்பெட்டி திறந்திருந்தது. அதிலிருந்து நிமிர்ந்து நின்ற அவருடைய சொந்த ஸ்பானர், தோலின் நட்டநடுவில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து பலகையைத் தூக்கி ஸ்பானரை உருவினார்கள்.

"நான் இதைத் தூக்கிக்கிட்டு அங்க போக மாட்டேன்," என்றார் தச்சர். "உயிருக்கு உத்தரவாதம் இல்ல."

ஆனாலும் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"கெடுத்தவன் கை விளங்காமப் போகட்டும்னாங்க."

குழாய்க்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை என்று பட்டது. மூடப்போகிற தன் வேலைக்காக இத்தனை பாடுபட்டவர், அதை மூடுகிற பலகையும் ஒருத்தி ஊசி பிடித்துச் செய்ததுதான் என்று இந்த ஐந்து நாளில் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. மனசு கேட்கவில்லை.

"நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. வேணும்னு பண்ணலைன்னு சொல்லு. ஒருத்தருக்குக் காட்டணும்னு ஆசைப்பட்டு..."

"அண்ணே, இவ்வளவு நீளமா எனக்கு மனப்பாடம் ஆகாது. எழுதிக் குடுங்க."

கடைசியாக அவர் பேனா பிடித்து எழுதியது, வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய 'வர லேட்டாகும்' என்ற சீட்டு. அதே குண்டு எழுத்தில், வேலைச்சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதினார்:

'அம்மா, உங்களை எனக்குத் தெரியாது. மூணு தடவையும் கெடுத்தது நான்தான். உங்க வேலை மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பலகைக்குப் பின்னால நான் செஞ்சது ஒண்ணு இருக்கு. அதை என் வீட்டுக்காரிக்கு ஒரு தடவை காட்டணும்னு ஆசை. அவளுக்குக் கை உடைஞ்ச அன்னிக்கு அவ பக்கத்துல இல்லாம நான் இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷமா அவகிட்ட இதைச் சொல்ல வாய் வரலை. உங்களைத் திரும்பத் திரும்பத் தைக்க வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க.'

பேர் எழுதவில்லை. சீட்டு எப்படியாவது கையுறை கையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

தச்சர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க. மறுபடி படிச்சாங்க. என்னை வெளில போகச் சொல்லிட்டாங்க."

"கோபமா?"

"தெரியல அண்ணே. திட்டல. அதான் தெரியல."

நாலரை மணிக்குப் பலகை வந்தது. புதுத் தோல். தச்சரே ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு வந்த மூன்றையும்விட இது நன்றாக இருந்தது. பின்னாலேயே கையுறை வந்தார். இந்த முறை ஒன்றும் பேசாமல் பக்கத்திலேயே நின்று, பன்னிரண்டு கிளிப்பும் மாட்டுகிறவரை பார்த்தார். அப்புறம் ஓரத்தில் ஒரு முத்திரைத்தாள் ஒட்டினார். "இனிமே இதைத் திறந்தா வேலை போயிடும்," என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. ஆனால் குழாய்க்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று மாலை மனைவி அவருக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"கண்ணுல என்ன?"

"தூசி." பையை வைத்துவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு வர்றேன்."

"லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

வேண்டியபோது வராத வரம் வேண்டாதபோது வந்தது. இப்போது வந்து எதைப் பார்ப்பாள்? அதைக்கூட அவர் சொல்லவில்லை. "சரி," என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு முன்வாசலில் அவளுக்கு விருந்தாளி அட்டை கொடுத்தார்கள். செருப்புக்கு மேலே துணி உறை மாட்ட வேண்டும் என்று அவர் சொல்வதற்குள் அவளே குனிந்து மாட்டிக்கொண்டாள். கப்பல் கதவுகளில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொள்வார்கள். அவள் பேச்சுவாக்கில் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய கூடத்தைக் காட்டினார், கண்ணாடிப் படிக்கட்டைக் காட்டினார். மற்றவர்களின் மனைவிகள் வாயில் கைவைத்து நின்ற இடத்தில் எல்லாம் அவள் சும்மா தலையாட்டினாள். கடைசியில் நடைவழிக்கு வந்தார்கள். பால் ஏட்டு நிறப் பலகைக்கு முன்னால் அவர் நின்றார்.

"இதான்."

அவள் தையல்மேல் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே வரை ஓட்டினாள்.

"அது இல்ல. அதுக்குப் பின்னாடி. திறந்து காட்ட முடியாது. மூடிட்டாங்க."

"பரவாயில்ல. சொல்லுங்க."

அவர் தோலில் படாமல் காற்றிலேயே கையை வைத்து ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார். இது வெந்நீர். இது அது திரும்பி வருகிற வழி. இது கழிவு, இதற்கு மட்டும் சரிவு வேண்டும். இங்கே ஒரு சட்டம் குறுக்கே வருகிறது, அதனால் பதினொன்றும் சேர்ந்து இப்படித் திரும்புகின்றன. மூன்று வருஷமாகச் சொல்லாத அத்தனையும் அரை மணி நேரத்தில் வந்தன. அவள் அவர் கை போகிற வழியெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணாவது எது?"

"இது." அவர் குரல் இறங்கியது. "உனக்குக் கை உடைஞ்ச அன்னிக்கு இதைத்தான் வளைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் தன் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"பைப்பைப் பத்திச் சொல்லக் கூடாதுன்னு வாங்கினாங்க. மன்னிச்சுக்கோன்னு சொல்லக் கூடாதுன்னும் அதுல எழுதியிருந்துச்சா?"

"இல்ல," என்றார் குழாய்க்காரர். பிறகு, "மன்னிச்சுக்கோ," என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். மனசு லேசான வேகத்தில் அவர் மீதிக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார். தகட்டால் கீறியது, கிரீம் தடவியது, ரப்பர் செருகியது, ஸ்பானர் ஏறியது. "தையல் கூடத்துல யாரோ ஒரு அம்மா. என்னால அவங்க இதை நாலு தடவை தைக்க வேண்டியதாப் போச்சு. பாவம்."

"பாவம்தான்."

"என் கை விளங்காமப் போகட்டும்னாங்களாம்."

அவள் அவருடைய வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கோபத்துல சொல்லியிருப்பாங்க. பலிக்காது."

"அப்படியா சொல்றே?"

"ஆமா. உங்ககிட்ட நானும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமா..."

மணியடித்தது. நேரம் முடிந்தது.

"கீழ இறங்கிட்டுச் சொல்லு," என்றார் குழாய்க்காரர். "கையுறை பாத்தா வம்பு."

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பழக்கப்பட்டவள்போல் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

இறங்குகிற பாலத்தின் அடியில், விருந்தாளிகள் எதையும் தொட்டுக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, கழுத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்டிருந்த தையல் கூடத்து மேற்பார்வைக்காரி. குழாய்க்காரரைத் தாண்டி, அவர் பின்னால் வந்த மனைவியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, லீவு கேட்டது உன் பலகையை நீயே வேடிக்கை பாக்கத்தானா? நேத்து முழுக்க அழுதுக்கிட்டே தைச்சியே, உன்னை நாலு தடவை தைக்க வச்ச அந்த மனுஷன் யாருன்னு தெரிஞ்சுதா இல்லையா?"